இளைத்த சக்கரம்

பெட்ரோல் டாங்கிக்குள் அவள் அளந்து அளந்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த வண்டிக்கு அப்படித்தான். இன்ஜினில் பிஸ்டன் கிடையாது. முக்கோணமாக ஓர் இரும்பு உள்ளே சுழலும். அதன் முனைகள் தேயாமலிருக்க, பெட்ரோலோடு கொஞ்சம் எண்ணெயும் குடிக்கும்.

"கைக்குழந்தைக்குக்கூட இவ்வளவு பக்குவமா யாரும் பால் ஊட்டமாட்டாங்க" என்றான் கணவன்.

"கமா போடறவரு கமா போடுங்க. கியர் பக்கம் வராதீங்க."

அவன் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். வாரமெல்லாம் யானையை நடத்தியவளுக்கு ஞாயிற்றுக்கிழமை குதிரை கேட்டது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினாள். இன்ஜினின் பலத்தைக் கூட்டும் டர்போ வைக்கக் கையில் வசதியில்லை. "பலத்தை ஏத்த முடியலன்னா பாரத்தை இறக்கு" என்றான் அவளுடைய தம்பி, லேத் பட்டறைக்காரன். பின்சீட்டு போயிற்று, ஸ்டெப்னி போயிற்று. புகைக்குழாய் பழைய இரும்புக் கடையிலிருந்து வந்தது. கடைசியில் மிஞ்சியது ஃப்ளைவீல், இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனத்த தட்டு. எஃகில் லேசானது வாங்கக் கட்டுப்படியாகாது. இருந்த வார்ப்பிரும்பையே தம்பி லேத்தில் ஏற்றிக் கடைந்து பாதியாக இளைக்க வைத்தான்.

அன்று காலை பட்டறையிலேயே அதை மாட்டிப் பார்த்தார்கள். தம்பி பின்னால் நின்று புகையைக் கவனித்தான். கணவன் முன்னால் நின்றான். அவள் மிதித்தாள். இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் சர்ரென்று ஏறியது. எல்லை தொட்டதும் டாஷ்போர்டில் எச்சரிக்கைச் சத்தம் கீச்சிட்டது.

"வெண்ணெய் மாதிரி ஏறுதுடா" என்று கத்தினாள். "இன்னொரு தரம்."

இரண்டாம் தடவை ஃப்ளைவீல் வெடித்தது.

ஒரு துண்டு பானெட்டைக் கிழித்துப் பட்டறைக் கூரைத் தகட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு போயிற்று. இன்னொன்று அவள் காலுக்கருகே வண்டித் தரையைப் பிளந்து, தொடையை அறுத்து, வயிற்றில் ஏறியது. இன்ஜின் நிற்கவில்லை. மிதித்த கால் மிதித்தபடியே கிடக்க, வண்டி வலிப்பு கண்டது போல உதறிக்கொண்டு அலறியது. கணவன் அவள் மடிமேல் கவிழ்ந்து சாவியைத் திருகினான். நிமிர்ந்தபோது அவன் சட்டை முன்பக்கம் முழுவதும் சூடாக நனைந்திருந்தது. அவள் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். ரத்தம்தான் வந்தது. மருத்துவமனை வாசலை அவள் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த அன்று அவன் பட்டறைக்குப் போனான். மைத்துனன் துண்டுகளைப் பொறுக்கி, உடைந்த தட்டை ஒட்டவைக்கிறவன் மாதிரி மேசையில் பொருத்தி வைத்திருந்தான்.

"இங்க பாருங்க அத்தான். இந்த மூலை."

"மூலைக்கென்ன?"

"கடைஞ்சப்ப படி மாதிரி இறக்கம் விழுந்த இடம். உள்மூலையைக் கொஞ்சம் வளைச்சு விடணும். நான் கூரா விட்டுட்டேன். விரிசல் இங்கதான் ஆரம்பிச்சு ஓடியிருக்கு."

"தெரிஞ்சே விட்டியா?"

"தோணல. பேலன்ஸ் அவ்வளவு சுத்தமா வந்துச்சு அத்தான். ஒரு துளி ஆடல. ஆடியிருந்தா கழட்டியிருப்பேன்."

"ஆடியிருந்தா."

முதல் அடி வாயில் விழுந்தது. மைத்துனன் மேசையோடு சரிந்தான். இரும்புத் துண்டுகள் தரையில் சிதறின. கணவன் வாழ்நாளில் யாரையும் அடித்தவனில்லை. எங்கே அடிப்பதென்று தெரியாமல் எங்கும் அடித்தான். காதில், கழுத்தில், விழுந்தவனின் விலாவில். தன் விரல் எலும்பு முறிந்த சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை.

"நிதானமா அடிங்க" என்றான் மைத்துனன். ஒரு பல்லைத் துப்பினான். "நான் எங்கயும் ஓடல."

"கையைத் தூக்குடா. ஒரு அடியாவது திருப்பி அடி."

"என்னால முடியாது."

அந்தப் பணிவு அவனுக்கு வெறியை ஏற்றிற்று. மைத்துனனின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து லேத்துக்கு இழுத்துப் போனான். சுவிட்சைத் தட்டினான். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கு, மூன்று தாடைகளோடு சுழன்று, தாடைகளே தெரியாத வேகத்துக்குப் போயிற்று. அதை நோக்கி அவன் முகத்தை அழுத்தினான். மைத்துனன் எதிர்க்கவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டான். இன்னும் ஒரு சாண். சக்குக் காற்றில் அவன் நெற்றி மயிர் பறந்தது.

அப்போது மைத்துனனின் வலது கை எழுந்தது. அடிக்க வருகிறான் என்றே கணவன் நினைத்தான். அந்தக் கை, பொத்தான் போடாமல் தொங்கிய அத்தானின் சட்டைக் கையைப் பற்றி, சக்கிலிருந்து விலக்கி, முழங்கைக்கு மேலே சுருட்டி விட்டது.

"சட்டை மாட்டும் அத்தான்" என்றான், கண்ணைத் திறக்காமலே. "மாட்டுச்சுன்னா கையைப் பிச்சுரும்."

லேத்தில் நிற்கிற எவனிடம் கேட்டாலும், அது யோசித்துச் செய்கிற காரியமில்லை என்பான். பக்கத்தில் யார் சட்டை தொங்கினாலும் கை தானாகப் போகும். கணவனுக்கு அது தெரியாது. தலைமயிரை விட்டுவிட்டான். தெரிந்திருந்தாலும் விட்டிருப்பான். அவளோடு பிறந்தவன் என்று உலகத்தில் இருப்பது இவன் ஒருவன்தான். இவனையும் இன்று கொன்றுவிட்டால் அப்புறம் யாரோடு உட்கார்ந்து அவளைத் திட்டுவது?

சுவிட்சை அணைத்தான். சக்கு நிற்க நேரமெடுத்தது. இருவரும் அது நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுந்திரு. வாயைக் கழுவு."

"உங்க விரலு கோணலா இருக்கு."

"இருக்கட்டும்."

மைத்துனன் குழாயடிக்குப் போனான். கணவன் காருக்குள் ஏறி, யாரோ கழுவி விட்டிருந்த சீட்டில் உட்கார்ந்தான். உள்ளே பினாயில் நெடி. கதவுக் கண்ணாடியை இறக்கும் கைப்பிடியைச் சுற்றினான். வாங்கிய நாளிலிருந்தே அது பாதிக்கு மேல் இறங்காது. இப்போதும் பாதியில் நின்றது.