ஓம் என்றால் வலது கை

றமீஸாவின் தலையில் ஒரு பொட்டு எண்ணெய் இருக்கக் கூடாது என்று ஆராய்ச்சிக்கு வந்த தனுஷா சொல்லியிருந்தாள். மகள் ஸுஹைனா இரண்டு தரம் சம்பூ போட்டுக் கழுவி, துவட்டி, உம்மாவைத் தலையணை அடுக்கிக் கட்டிலில் சாய்த்து வைத்தாள். அதன்மேல் தனுஷா துளை துளையான தொப்பியை மாட்டி, துளைக்குத் துளை குளிர்ந்த பசையைப் பிதுக்கினாள். அது காது வரைக்கும் வழிந்தது. வழித்து எறிய றமீஸாவுக்குக் கை இருந்தது, சொன்ன பேச்சுக் கேட்கத்தான் அதற்கு மனமில்லை.

எட்டு மாதத்துக்கு முன்பு பாரிசவாதம் அடித்ததில் கை, கால், நாக்கு, கண்ணிமை எல்லாம் ஒரே நாளில் அவளைக் கைவிட்டன. பார்வையும் காதும் புத்தியும் மட்டும் முன்பைவிடக் கூர்மையாக மிஞ்சின. காத்தான்குடியில் அவள் வாய்க்குப் பயந்து மீன்காரன்கூடக் கேட்காமலே விலை குறைப்பான். அப்படிப்பட்டவள் இப்போது யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதாயிற்று. அதிலும் கூடப்பிறந்த மூத்தவன், அவளுடைய காக்கா றிஸ்வி சொல்வதை.

றிஸ்விக்கு இந்த வீடு வேண்டும். பதினொரு வருடம் கட்டாரில் வெந்து, தங்கச்சியின் கலியாணத்துக்கென்று அவன் கட்டியது. ஊர் வழக்கம் அது. வீடு பெண்ணுக்கு, கட்டிக் கொடுப்பது ஆணின் பொறுப்பு. அதே வழக்கப்படி மனைவி பஹீமாவின் காக்காமார் கட்டிய வீட்டில்தான் இவன் இருபத்தைந்து வருடமாகக் காலை நீட்டிப் படுக்கிறான். அது மட்டும் அவனுக்கு மறந்துபோயிற்று. பஹீமாவின் வீடு மூத்த மகளுக்குப் போய்விட்டது. இளையவள் றுக்ஷானாவுக்கு மாப்பிள்ளை பேசியாயிற்று, வீடு இல்லை. றமீஸாவின் புருஷன் மௌத்தாகி நாலு வருடம், கேட்க ஆளில்லை. தாயையும் மகளையும் தன் பின்னறையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வீட்டை றுக்ஷானாவின் பேருக்கு மாற்றுவது அவன் திட்டம். அசையாதவளின் பெருவிரலைப் பிடித்து மையில் அமத்த எவ்வளவு நேரம் ஆகும்? ஊர் என்ன சொல்லுமோ என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே தடை.

அந்த நேரத்தில்தான் தனுஷா வந்தாள். குருக்கள்மடத்துப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் மூளை அலைகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவள்.

“அக்கா, ஓம் எண்டா வலது கையால ஒரு பந்தப் பொத்திப் பிடிக்கிற மாதிரி நினையுங்க. இல்லை எண்டா சும்மா இருங்க. கை சும்மா கிடக்கக்குள்ள மூளையில அந்த இடத்து அலை ஒரு சீரா ஓடும். அசைக்க நினைச்சாலே அது அமுங்கிப்போகும். அப்ப இந்தத் திரையில பச்சை எரியும்.”

மூன்று நாள் றமீஸா பந்தைப் பொத்தினாள். பிறந்ததிலிருந்து அவள் பந்து பிடித்தவள் இல்லை. ஒன்றும் எரியவில்லை. நாலாம் நாள் றிஸ்வி கதவடியில் நின்று, “இந்தக் கட்டைக்கு ஒரு வூடு என்னத்துக்கு?” என்றான். றமீஸா ஓங்கி ஒன்று விட்டாள். மனதுக்குள், வலது கையால், அவன் கன்னத்தில்.

பச்சை எரிந்தது.

“இப்ப நினைச்சதையே நெடுக நினையுங்க அக்கா” என்றாள் தனுஷா, சந்தோஷம் தாங்காமல்.

அன்றிலிருந்து றமீஸாவின் ஒவ்வொரு ஓமும் காக்காவின் கன்னத்தில் விழுந்தது. ஜன்னலைத் திறக்கவா? பளார். புரட்டிப் படுக்க வைக்கவா? பளார். இது ஒருவருக்கும் தெரியாது. தன் குரல் கேட்டால் பச்சை எரிகிறது என்பதை மட்டும் றிஸ்வி கண்டுபிடித்தான். “எண்ட சத்தத்தக் கேட்டாத்தான் அவளுக்கு உசிர் வருது” என்று பள்ளிவாசல் வரைக்கும் சொல்லித் திரிந்தான். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்த கையோடு முகைதீன்பாவா மரைக்காரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர், ஊரில் அவர் சொல் எடுபடும்.

ஸுஹைனா அவசரமாகத் தொப்பிக்கு மேலே உம்மாவுக்கு முக்காட்டை இழுத்து விட்டாள்.

“தங்கச்சி வூட்டத் தாறன் எண்டு ஒங்களுக்கு முன்னால சொல்லட்டும், மரைக்கார்” என்றான் றிஸ்வி. “ஒரு கேள்விய மூணு தரம் கேக்கிறது. ரெண்டு பச்சை எரிஞ்சா ஓம்.”

தனுஷாவின் முகம் சுருங்கியது. “இது ஆராய்ச்சிக்கு வச்ச சாமான். காணி வீட்டு அலுவலுக்கு நம்ப ஏலா.” தொப்பியைக் கழற்றப் போனாள்.

கழற்றிவிட்டால் உம்மாவுக்குப் பதிலாக றிஸ்வி தன் வாயாலேயே சம்மதம் சொல்லிவிட்டுப் போவான் என்பது ஸுஹைனாவுக்குத் தெரியும். தனுஷாவின் கையைப் பிடித்தாள். “இரிக்கட்டும் ராத்தா. உம்மா சொல்லுவா.”

அப்போதுதான் றமீஸாவுக்குச் சிக்கல் புரிந்தது. ஓம் என்பது அடி. அப்படியென்றால் இல்லை என்று சொல்வதற்கு இவனை அடிக்காமல் இருக்க வேண்டும். முதல் பச்சை எரிந்த நாளிலிருந்து அவள் செய்துவரும் ஒரே காரியம் அந்த அடி.

றிஸ்வி கட்டிலருகே குனிந்தான். “றமீஸா, எண்ட கண்ணே, இந்த வூட்ட றுக்ஷானாவுக்குக் குடுக்கச் சம்மதமா?”

நாற்பத்தேழு வருடத்தில் அவன் அவளைக் கண்ணே என்று கூப்பிட்டதில்லை. கை தன்பாட்டில் போயிற்று. பச்சை எரிந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றான் றிஸ்வி.

இன்னும் ஒன்று போனால் வீடு போயிற்று, பிள்ளையும் இவன் பின்னறையில்.

றிஸ்வி இரண்டாம் தரம் கேட்டான். கேட்டதோடு நிற்கவில்லை. “ஒண்ட புள்ளைய நான் கைவிட மாட்டன். எண்ட வூட்டுச் சட்டி பானையக் கழுவிக்கிட்டு ஒரு மூலையில கெடக்கட்டும்.”

கொதித்தது. எழும்பி அவன் கழுத்தைத் திருகலாம் போல இருந்தது. றமீஸா தன் வலது கையை நினைத்தாள், ஓங்கும் கையை அல்ல. ஸுஹைனா தூக்கி வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கிற, ஈ உட்கார்ந்தாலும் விரட்டாத, எட்டு மாதமாக அவள் வெறுத்துச் சபித்த இந்தக் கையை. செத்த கையைச் செத்ததாகவே வைத்திருந்தாள். பதிலுக்கு மெசின் விடும் ஆறு செக்கன் நேரமும் ஓடி முடிந்தது. திரை வெறுமையாகக் கிடந்தது.

“அவளுக்குக் கேக்கல்ல” என்று றிஸ்வி குரலை உயர்த்தினான். மூன்றாம் தரம் காதுக்குள்ளேயே கத்தினான். எச்சில் அவள் கன்னத்தில் தெறித்தது. கை தலையணையில் கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டாள்.

“ஒருக்கா ஓம், ரெண்டு தரம் இல்லை” என்றாள் தனுஷா. “அக்கா சம்மதிக்கல்ல.”

“மெசின் பிழை.”

“மொதல் பச்சைக்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லக்குள்ள சரியாத்தானே இருந்த” என்றார் முகைதீன்பாவா. அவர் ஸுஹைனாவின் பக்கம் கிறுகினார். “மறுகாவும் ஒண்டக் கேட்டுப் பாப்பமே. நீங்க கேளுங்க மகள்.”

ஸுஹைனா உம்மாவின் கையைத் தொடவில்லை. நிமிர்ந்து நின்று கேட்டாள். “உம்மா, மாமா இந்த வூட்ட விட்டுப் போகணுமா?”

எட்டு மாதம் சேர்த்து வைத்தது எல்லாம் றமீஸாவின் தோளில் வந்து நின்றது. விட்டாள். கேள்வி முடிந்து முடியாமலே பச்சை எரிந்தது. தனுஷா திரையைப் பார்த்து வாயைப் பொத்தினாள், இவ்வளவு பெரிய அமுக்கத்தை அவள் கண்டதில்லை.

ஸுஹைனா இரண்டாம் தரம் கேட்டாள். பச்சை.

“இதெல்லாம் புள்ளைகள்ற விளையாட்டு” என்று முணுமுணுத்துக்கொண்டு றிஸ்வி கதவடிக்குப் போய்ச் செருப்பைத் தேடிக் குனிந்தான். ஸுஹைனா மூன்றாம் தரம் கேட்டாள். செக்கன்கள் ஓடின. குனிந்திருப்பவனை அடிக்கக் கூடாது என்று றமீஸாவுக்குச் சின்ன வயதில் வாப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவன் நிமிரும்வரை காத்திருந்து அடித்தாள்.