முகட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோள்

…இல்லை, இரண்டு சுற்றைப் பார்த்துவிட்டு எதையும் சொல்லக்கூடாது, ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம், மொத்தம் ஆறு சுற்று, அதற்குமுன் திரையில் தெரிவதெல்லாம் வெறும் இரைச்சல், வெட்டாத புல் மாதிரி குத்திட்டு நிற்கிற புள்ளிகள், அதில் கண் தனக்குப் பிடித்ததைப் பார்த்துக்கொள்ளும், இது எனக்குத் தெரியாதா, முப்பது வருடமாக இந்தக் கறுப்புத் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து செய்கிற வேலையே இதுதானே… பச்சை லேசர் ஒளியைப் படிகத்தின்மேல் விழவைப்பது, பட்டுச் சிதறி வருவதில் நிறம் ஒரு துளி மாறிப்போன ஒளியை மட்டும் பொறுக்கி எண்ணுவது, அந்த எண்ணிக்கையை வைத்து உள்ளே அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்று சொல்வது. எளிய வேலைதான், பொறுமை மட்டும் வேண்டும், அது என்னிடம் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் நம்பிக்கொண்டிருந்தேன், இன்று காலையிலிருந்து இரண்டு தடவை தண்ணீர் குடிக்க எழுந்தாயிற்று, மூன்று தடவை கடிகாரம் பார்த்தாயிற்று. மணி பதினொன்றேகால். குளிர்விக்கும் இயந்திரம் தக், தக் என்று மூலையில் அடித்துக்கொள்கிறது. எதிர்க் கட்டடத்தில், உலை அறையில், என் மனைவி இருக்கிறாள். நான் ஆரம்பித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும். இதுவரை ஒரு போன் இல்லை.

படிகம் அவள் வளர்த்தது. அரை மிளகு அளவு, கறுப்பு, ஒரு பக்கம் முகம் பார்க்கலாம் போல் பளபளப்பு. நேற்று சாயங்காலம் நான் அறையில் இல்லாதபோது சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள், மேலே ஒரு சீட்டு, எண், அதற்குக் கீழே அவளுடைய சாய்ந்த கையெழுத்தில் “பார்த்துச் சொல்லுங்க சார்”. ஆய்வுக்கூடத்துக்குள் வந்துவிட்டால் நான் அவளுக்கு சார்தான், கல்யாணமான புதிதில் வேடிக்கையாக ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது, வீட்டில் “இந்தாங்க”, இங்கே “சார்”, கோபம் வந்தால் இரண்டுமில்லை, காற்றைப் பார்த்துப் பேசுவாள். அந்தச் சீட்டில் வேறொன்றும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, அந்த டப்பாவுக்குள் என்ன கேள்வி இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நியோடிமியம், ஒலிபெருக்கிக் காந்தத்தில் இருக்கிறதே அதே அருமண் தனிமம், அதோடு பேரியம், தாமிரம், ஆக்சிஜன், நான்கும் சரியான கணக்கில் சேர்ந்தால் கறுப்பாக ஒரு கல், அதை நன்றாகக் குளிரவைத்தால் மின்சாரத்துக்கு அதில் தடையே இல்லாமல் போய்விடுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும், தடைமானியின் முள் இறங்கி, இறங்கி, திடீரென்று பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். பதினொரு வருடத்துக்கு முன்னால், அப்போதும் அவள் வளர்த்த இதே வகைக் கல்லில், இதே நாற்காலியில், நிறமாலையின் பெரிய முகட்டுக்கு வலப்பக்கம் ஒரு சின்ன மேட்டைப் பார்த்தேன். தோள் மாதிரி. அணுக்களின் அதிர்வோடு நியோடிமியத்தின் எலக்ட்ரான்கள் கைகோத்துக்கொள்கின்றன, அதனால்தான் இந்தத் தோள் என்று எழுதினேன். பெயர் நிலைத்துவிட்டது, என் பெயரோடு சேர்த்தே சொல்ல ஆரம்பித்தார்கள், சொல்பவர்கள் உலகம் முழுக்கச் சேர்த்தால் முந்நூறு பேர் இருப்பார்கள், ஆனாலும் பெயர் பெயர்தானே. மகள் அப்போது பள்ளிக்கூடத்தில், “எங்கப்பா ஒரு தோளைக் கண்டுபிடிச்சிருக்காரு” என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள், “மிச்ச உடம்பை யாரு கண்டுபிடிச்சா?” என்று எவளோ கேட்டிருக்கிறாள், அழுதுகொண்டு வந்தாள். நானும் அவள் அம்மாவும் சிரித்ததில் இன்னும் அழுதாள். அடுத்த மாதம் எனக்கு ஒரு பதக்கம் தரப்போகிறார்கள். பாராட்டுரையின் முதல் வரியே அந்தத் தோள்தான்.

மூன்றாம் சுற்று ஓடுகிறது… பார்க்காதே, வேறு எதையாவது நினை. தொப்பியை நினைக்கிறேன். வெளியூர்ப் பல்கலைக்கழகத்து ஆள், வெயிலோ குளிரோ தலையில் ஒரு துணித்தொப்பி, அதனால் அப்படிப் பெயர். ஒரு கருத்தரங்கில் நான் பேசி முடித்ததும் எழுந்து, “இந்தப் படிகத்தை எந்த மூசையில உருக்கி வளர்த்தீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மூசை என்றால் பொடியைப் போட்டு உருக்குகிற கிண்ணம், எங்களுடையவை அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு, உருக்கும்போது குழம்பு மூசையையே கொஞ்சம் தின்னும், தின்ற அலுமினியம் தாமிரத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டால் அதுவும் ஒரு மேட்டைக் காட்டலாம். நான் என்ன சொன்னேன்? “மூசையைப் பத்தி என் மனைவியைத்தான் கேக்கணும், சமையலறைப் பக்கம் என்னை விடறதில்லை” என்றேன். கூட்டம் சிரித்தது. தொப்பியும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். மூன்றாம் வரிசையில் அவள் இருந்தாள். சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். சமையலறை… ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கிற உலையை, ஒரு மணிக்கு ஒரு டிகிரிக்கும் குறைவாக, வாரக்கணக்கில் இறக்கத் தெரிந்தவளை! இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அதற்குப் பிறகுதானா, முன்னாலேயேவா, குழம்பு தின்ன முடியாத மூசை செய்யப்போகிறேன் என்று அவள் கிளம்பியது? பேரியம் சிர்க்கோனேட் மூசை. கடையில் கிடைக்காது. பொடியை அவளே தயாரித்தாள், அவளே அச்சில் அழுத்தினாள், சுட்டாள், வெடித்தது. மறுபடி சுட்டாள், மறுபடி வெடித்தது. உலை அறை ஜன்னல் விளிம்பில் உடைந்த மூசைகள் வரிசையாக இருக்கின்றன, நான் ஒரு நாள் எண்ணினேன், இருபத்து மூன்று. “இதையெல்லாம் எதுக்கு வச்சிருக்கே, தூக்கிப் போடேன்” என்றால், “ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா உடைஞ்சிருக்கு, பாருங்க” என்றாள். பார்த்தேன், எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தது. கடைசியில் ஒன்று நின்றது, அதில் வளர்த்த முதல் படிகம் நான்காவது வாரம் மின்சாரம் போய்ப் பாழானது. அன்று வீட்டுக்கு வந்தாள், கை கழுவினாள், “போச்சு” என்றாள், சாப்பிட்டாள், படுத்தாள், காலையில் எனக்கு முன்னால் கிளம்பிப்போய் மறுபடி பொடியை நிறுக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு நிறமாலை கெட்டால் மூன்று நாளைக்கு நான் வீட்டில் யாரோடும் பேசமாட்டேன். இரண்டு வருடம், ஒரு கட்டுரைகூட இல்லாமல், என் தோள் நிஜமா பொய்யா என்று பார்ப்பதற்காக… நிஜம் என்று காட்டத்தான் செய்கிறாள் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, பார்க்கிறேன். மூன்று சுற்றும் சேர்ந்த கோடு. வலப்பக்கம்… ஆமாம், ஒரு மேடு! மேடுதான். இங்கேயே நிறுத்தலாம், மூன்று சுற்றில் நிறுத்திய கட்டுரைகள் எத்தனை வந்திருக்கின்றன, ஒரு பொத்தானை அழுத்தினால் கணினி கோட்டை வழவழப்பாக்கிக் கொடுக்கும், தோள் இன்னும் அழகாக எழும்பி நிற்கும். கை போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது, விரல் பொத்தானுக்கு மேல் இருந்தது. அவள் மட்டும் இப்போது பக்கத்தில் நின்றிருந்தால் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள், அதுதான் வினை, திட்டுகிற ஆளாக இருந்தால் சண்டை போட்டுவிட்டுக் காரியத்தைச் செய்துவிடலாம். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நான்காம் சுற்று. தக், தக். இருபது நிமிடம் எவ்வளவு நீளம்.

போய்விட்டது. நான்கு சுற்று சேர்ந்ததும் மேடு பாதியாகிவிட்டது, ஐந்தில் அதுவும் இல்லை, முகட்டின் வலப்பக்கம் சமதரை, துடைத்துவிட்ட மாதிரி. மனம் உடைந்து உட்கார்ந்திருக்கவேண்டும் இல்லையா, பதினொரு வருடம், பதக்கம், என் தோளை வைத்து முனைவர் பட்டம் வாங்கின இரண்டு பேர்… ஆனால் நான் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அந்தப் பெரிய முகடு. அது எப்போது இப்படி ஆயிற்று? பழைய கற்களில் அது அகன்று, சோம்பலாக, ஒரு மண்மேடு மாதிரி இருக்கும், நான் மட்டுமல்ல, எல்லோரும் அப்படித்தான் அளந்திருக்கிறோம், அதன் அகலம் அவ்வளவுதான் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. இது ஊசி. ஒவ்வொரு அணுவும் தன் இடத்தில் இருந்தால்தான், ஒன்றுகூட இடம் மாறாமல் எல்லாம் ஒரே சுருதியில் அதிர்ந்தால்தான் இப்படி வரும். இப்படி ஒரு கல்லை யாரும் வளர்த்ததில்லை. யாரும் என்றால் யாருமே. இந்த வேலையில் என்னைக் காட்டிலும் கெட்டிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன், பொறாமைப்பட்டிருக்கிறேன், இது பொறாமையும் இல்லை, எழுந்து நின்று கும்பிடலாம் போல இருந்தது, நிஜமாக எழுந்தும் நின்றுவிட்டேன், யாரும் பார்க்கவில்லை.

ஆறாம் சுற்று முடிந்தபோது மணி பன்னிரண்டரை தாண்டியிருந்தது. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தாள், கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று கொஞ்சம் நின்றாள், முன்கையில் புதிதாக ஒரு தீக்கொப்புளம். திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“அகலம் எவ்வளவு சார்?”

தோளைக் கேட்கவில்லை. அகலத்தைக் கேட்டாள். “பழைய கல்லில மூணில ஒரு பங்குகூட இல்ல” என்றேன். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு திரைப் பக்கம் திரும்பினாள், முகட்டை மேலிருந்து கீழே வரை பார்த்தாள், முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது, மகள் பிறந்த அன்றுதான் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். பிறகுதான் வலப்பக்கம் பார்த்தாள், சிரிப்பை அவசரமாக அடக்கிக்கொண்டாள், என் தோளில் கை வைத்தாள், எடுக்கவில்லை.

“அலுமினியம்” என்றேன்.

“ம்.”

“பதக்கக் குழுவுக்கு இன்னைக்கே எழுதிடறேன். பத்திரிகைக்கும். தப்புன்னு நாமளே போட்டுடலாம். உன் பேரு முதல்ல வரணும்.”

“பேரு கிடக்கட்டும். சாப்பிட்டுட்டு எழுதுங்க. பட்டினியில எழுதினா ரொம்ப அழுகையா எழுதுவீங்க.”

சிரித்தேன். நிஜமாகவே சிரிப்பு வந்தது. லேசரை அணைத்தேன், அறை விளக்கைப் போட்டேன், வெளிச்சத்தில் அவள் கொஞ்சம் இளைத்துத் தெரிந்தாள். “உனக்கு எப்போ சந்தேகம் வந்தது? தொப்பி கேட்டப்பவா?”

“அவர் கேக்கறதுக்கு முன்னாலயே. உங்க கட்டுரை போறதுக்கு முந்தின வாரம். மூசையோட அடி அரிச்சிருந்தது.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“சொன்னேனே” என்றாள், குறையாகச் சொல்லவில்லை, மணி கேட்டால் மணி சொல்கிற மாதிரி. “காலையில, பல் தேச்சுக்கிட்டு நின்னீங்க. அடி அரிச்சிருக்கு, அலுமினியம் உள்ள போயிருக்கும் போல, அனுப்பறதுக்கு முன்ன ஒரு தடவை பாத்துடுங்கன்னு சொன்னேன். தலையாட்டினீங்க.”

நினைவில் இல்லை. தேடிப் பார்க்கிறேன், குளியலறைக் கதவு, பழைய வீட்டின் நீலச் சுவர், கண்ணாடி, வாயில் நுரை, எல்லாம் வருகிறது, அவள் குரல் மட்டும் வரவில்லை… ஒரு நிமிடத்துக்கு இரண்டே இரண்டு ஒளித்துணுக்கு வந்தாலும் தவறவிடாமல் எண்ணுகிறவன் என்று பெயர் வாங்கியவன் நான். கையைக் கழுவப் போகிறேன் என்று அவள் முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டாள், நான் கூடவே போகிறேன், நடைபாதையில் அவள் அடுத்த கல்லைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே போகிறாள், ஒவ்வொரு சொல்லையும் விடாமல் கேட்கிறேன், கேட்டுக்கொண்டே நினைக்கிறேன், இருபத்தாறு வருடமாக இவள் தினமும் காலையில் ஏதாவது சொல்லிக்கொண்டுதானே இருந்திருக்கிறாள், நானும் தலையாட்டிக்கொண்டுதானே இருந்திருக்கிறேன்… வேறு எதற்கெல்லாம்?