தலைக்குக் கீழே, பத்துக்கு இரண்டு

வசந்தம் வந்துவிட்டால் போதும், பெண்கள் எதை உடுத்தலாம், எதை உடுத்தக் கூடாது என்று சொல்ல ஒருத்தி கிளம்பிவிடுவாள். வாரப் பத்திரிகை ஒன்றில் 'கத்திரிக்கோல்' என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் அந்தப் பெயரையும் நறுக்கிக் 'கத்திரி' ஆக்கியிருந்தார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அவள் என்ன உடுத்துவாள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சாம்பல் நிறத்தில் மூன்று சட்டைகள். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று அழுக்குக் கூடையில். மூக்குக்கண்ணாடியின் வலது காலில் திருகாணி கழன்று எட்டு மாதம் ஆகிறது. அந்த இடத்தில் ஒரு குட்டி ஊக்கு. யாராவது அதைப் பார்த்துச் சிரித்தால், "நான் ஊரைப் பாக்கறவ, ஊர் என்னைப் பாக்க வேண்டியதில்ல" என்பாள். அதற்குமேல் பேச ஒருவருக்கும் துணிச்சல் வராது. பேசினால் அடுத்த நிமிடம் அவர்கள் செருப்பைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவாள்.

அவளுடைய பக்கத்தில் மேல்பாதி, வாரம் ஒரு யோசனை. கீழ்ப்பாதிதான் எல்லோரும் முதலில் படிப்பது. அதற்குப் பெயர் 'தலைக்குக் கீழே'. புகைப்படக்காரர் தெருவில் நடந்துபோகிற யாரையாவது படம் எடுத்து, கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டு, மீதியை அவள் மேசையில் வைப்பார். அவள் பார்த்து மார்க் போடுவாள். தலையை வெட்டச் சொன்னதும் அவளேதான். "மொகத்தைப் பாத்தா பாவம்னு தோணும். பாவம்னு தோணினா எழுத்து வழவழன்னு போயிடும்" என்பது அவள் கட்சி. ஆகவே யார் என்று ஊருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. என்ன ஒரு நியாயம் பாருங்கள்!

அந்த வாரம் வந்த படத்தைப் பார்த்ததும் கத்திரிக்குக் கை பரபரத்தது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரே மூச்சில் எழுதி முடித்தாள்.

"இந்த அம்மணி வசந்தத்தை வரவேற்கவில்லை. வாசலிலேயே மடக்கி மொத்தத்தையும் தன்மேல் கொட்டிக்கொண்டிருக்கிறார். எலுமிச்சை மஞ்சள் சட்டை. அதில் தட்டு அகலத்துக்குப் பூக்கள். இப்போதே பறந்துவிடுவேன் என்று உப்பி நிற்கும் இரண்டு கைகள். பறக்கவிடாமல் இழுத்துப் பிடித்திருக்கும் அகல பெல்ட். பச்சை சாக்ஸ், வெள்ளை ஷூ. பையின் கைப்பிடிக்குப் பட்டுத்துணியில் ஒரு முண்டாசு, ஜலதோஷம் போலிருக்கிறது. பையின் வாரில் வரிசையாக ஐந்து ஊக்குகள். ஏன் தாயே, நடுவழியில் அவிழ்ந்து விழுந்துவிடுவீர்களா? விரல் நுனியெல்லாம் வேறு சிவந்து கிடக்கிறது. யாரை என்ன செய்துவிட்டு வருகிறீர்கள்? பத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் தைரியத்துக்கு."

பக்கம் வடிவமைக்கிறவர் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆசிரியர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து கைகுலுக்கினார். அவர் எழுந்து வருவதே அபூர்வம். புதன்கிழமை பத்திரிகை கடைக்கு வந்தது. கத்திரி ஒரு பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தபோது அக்கா ஃபோன் பண்ணினாள்.

அக்கா அவளுக்கு ஆறு வயது மூத்தவள். கல்யாணமாகி இருபது வருடமாக வீடு, அடுப்பு, மகன், மறுபடி வீடு. மகன் போன வருடம் வெளியூர்க் கல்லூரிக்குப் போன பிறகு வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது என்று அவள் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். கத்திரி இரண்டு தடவையும் ம் கொட்டியிருக்கிறாள்.

"பாப்பா," என்றாள் அக்கா. நாற்பத்தோரு வயதிலும் அக்காவுக்கு அவள் பாப்பாதான். "நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு ஒரு இன்டர்வியூ. மூக்குக்கண்ணாடிக் கடையில. வர்றவங்களுக்கு எந்த ஃப்ரேம் பொருந்தும்னு எடுத்துக் குடுக்கற வேலை. மாமாகிட்டகூட இன்னும் சொல்லல. நீ சாயங்காலம் வந்து, நான் எப்படி இருக்கேன்னு பாத்து ஒரு வார்த்தை சொல்லு. நீ சரின்னா போறேன். இல்லேன்னா பேசாம விட்டுடறேன்."

"நான் இருக்கேன்ல? விடு, ஜமாய்ச்சிடலாம்" என்றாள் கத்திரி.

சாயங்காலம் நான்கரைக்கு அக்கா கதவைத் திறந்தாள். எலுமிச்சை மஞ்சள் சட்டை, தட்டு அகலப் பூ, உப்பிய கைகள், பெல்ட், பச்சை சாக்ஸ், வெள்ளை ஷூ. எல்லாவற்றுக்கும் மேலே, படத்தில் இல்லாத தலை. அது வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

கத்திரி தன் பையை இறுக அணைத்துக்கொண்டாள். ஊரில் இருக்கிற அத்தனை பெண்களையும் பற்றி அபிப்பிராயம் வைத்திருந்தவளுக்கு, கூடப்பிறந்தவள் முன்னால் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"என்னடி திருதிருன்னு முழிக்கறே? உள்ள வா. போன வாரமே ஒரு தடவை இதையெல்லாம் போட்டுக்கிட்டு அந்தக் கடைத்தெரு வரைக்கும் நடந்து பாத்துட்டேன், பழகணுமேன்னு. யாரும் ஒண்ணும் சொல்லல."

"இதெல்லாம்... எப்பக்கா வாங்கினே?"

அக்கா அலமாரியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து பிரித்துக் காட்டினாள். எட்டு வாரமாகக் கத்திரி எழுதிய எட்டுப் பக்கங்கள், ஓரம் பிசகாமல் வெட்டி ஒட்டியிருந்தன. முதல் வாரம், எலுமிச்சை மஞ்சள். இரண்டாம் வாரம், பெரிய பூ. மூன்றாம் வாரம், உப்பிய கை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு சரி அடையாளம். எட்டாம் வாரம், காசு செலவில்லாத அழகு: உதட்டுக்குச் சாயம் வேண்டாம், பீட்ரூட் துண்டு ஒன்று போதும். சிவந்த விரல்களின் மர்மம் அப்போது விளங்கியது.

"அக்கா, இது வாரம் ஒரு யோசனைக்கா. ஒருத்தருக்கு ஒண்ணு பிடிக்கும், இன்னொருத்தருக்கு..."

"எல்லாத்தையும் ஒண்ணா போடக்கூடாதுன்னு எந்த வாரமும் எழுதலையே நீ?"

எழுதவில்லைதான். கத்திரி மெல்ல நூல் விட்டுப் பார்த்தாள். "அந்த பெல்ட்டு மட்டும் வேணாமே."

"'பெல்ட் இல்லாத வசந்தம், கரை இல்லாத ஆறு.' நாலாவது வாரம்."

"சரி, சாக்ஸ் வெள்ளையா..."

"'வெள்ளை சாக்ஸ் போடுகிறவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும்.' ஏழாவது வாரம். என்னடி, நீ எழுதினது உனக்கே ஞாபகம் இல்லையா?"

எழுதியவள் என்றைக்கு அதைத் திரும்பப் படித்தாள்? கத்திரி அசடு வழிந்தாள். அவள் பையில் இருந்த பத்திரிகை நெருப்புக்கட்டி மாதிரி சுட்டது. அக்காவோ, "இஸ்திரி போட்டதுல இன்னைக்கு கடைக்குப் போகவே முடியல. இந்த வாரம் என்ன எழுதியிருக்கே?" என்று கேட்டாள்.

"இந்த வாரம்... எனக்கு லீவுக்கா. வரல."

பொய் வாயை விட்டு இறங்குவதற்குள் வாசலில் சிரிப்புச் சத்தம். மாமா வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கையில் விரித்த பத்திரிகை, கண்கள் பத்திரிகையில், கால்கள் மட்டும் பழக்கத்தில் வீடு வந்து சேர்ந்திருந்தன.

"அடடே, கொழுந்தியாளும் வந்தாச்சா! என்னம்மா இப்படிப் போட்டுத் தாக்கியிருக்கே! இதைக் கேளேன்." வாசலில் கிடந்த செருப்பு அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மனைவியின் பக்கம் திரும்பினார். "'வாசலிலேயே மடக்கி மொத்தத்தையும் தன்மேல்...' ஹஹ்ஹா! இந்தக் கோலத்துல வெளிய வர்றதுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ!"

"மாமா, போதும் மாமா. கை கால் கழுவிட்டு வாங்க."

"இரும்மா, ஊக்கு வருது, ஊக்கு! 'நடுவழியில் அவிழ்ந்து விழுந்துவிடுவீர்களா?'" அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணைத் துடைக்க முகத்தைத் தூக்கினார். மனைவியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி மனைவியைப் பார்த்தார். இருபது வருடத்தில் அவள் உடுத்தியிருப்பதை அவர் உற்றுப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று சொன்னால் மிகையில்லை.

அக்கா அவர் கையிலிருந்து பத்திரிகையை வாங்கினாள். நின்றபடியே முழுவதையும் படித்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நான் என்னம்மா பண்ணேன்?" என்றார் மாமா மெதுவான குரலில்.

"ஒண்ணும் பண்ணல மாமா. அதான் தப்பு." கத்திரி சுருக்கமாக விஷயத்தைச் சொன்னாள். மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு வேலை விஷயமும் அப்போதுதான் தெரியும்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நாளைக்கு நான் போகல. யாரும் என்னைக் கூப்பிடாதீங்க."

கத்திரி கதவோடு ஒட்டி நின்றாள். எழுத்தில் எத்தனை பேரை வாரியிருக்கிறாள்! ஒரு தடவைகூட இப்படி வெட்கமாக இருந்ததில்லை.

"அக்கா, தப்பு எம்மேலதான். எட்டு வாரமா நான் எழுதினதுல ஒண்ணைக்கூட நான் போட்டுப் பாத்ததில்ல. நம்பிப் போட்டுக்கிட்டவ நீ ஒருத்திதான். உன்னையே கிண்டல் பண்ணிட்டேன். தலை இருந்திருந்தா எழுதியிருக்க மாட்டேன்."

"அப்ப தலை இல்லாதவங்கன்னா என்ன வேணா எழுதுவியா?"

கத்திரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

உள்ளே பத்திரிகையைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "கடைசி வரி எழுதினியே, ரெண்டு மார்க் தைரியத்துக்குன்னு. அதுவும் கிண்டலா?"

கத்திரி யோசித்தாள். பொய் சொன்னால் அக்கா கண்டுபிடித்துவிடுவாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "மத்ததெல்லாம் கிண்டல்க்கா. அது மட்டும் நெஜம். அந்தப் படத்துல நீ நடந்துக்கிட்டிருந்த விதம்... எனக்கு வராது அது."

கதவு திறந்தது. அக்காவின் உதட்டுப் பீட்ரூட் சாயம் கன்னம்வரை இழுபட்டிருந்தது. "அப்ப நாளைக்கு நீயும் கூட வர்றே. வந்து பக்கத்துல உக்காரு. ஒரு வார்த்தை பேசக்கூடாது."

மறுநாள் காலையில் மாமா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புமுன் மனைவி முன்னால் வந்து நின்றார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கணக்கு வாத்தியாருக்குத் தெரிந்த வார்த்தை அவ்வளவுதான்: "எல்லாம் சரியா இருக்கு." அக்கா எல்லாவற்றையும் அப்படியேதான் போட்டுக்கொண்டிருந்தாள். பெல்ட்டை மட்டும் கழற்றிவிட்டாள், உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது என்று.

கடையில் சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கியிருந்தன. கடைக்கார அம்மாள் குட்டை முடியும் கூர்மையான பார்வையுமாக மேசைக்குப் பின்னால் இருந்தாள். மேசைமேல் அந்த வாரப் பத்திரிகை. கத்திரி அதைப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளர் பெஞ்சில் முடிந்தவரை சுருங்கி உட்கார்ந்தாள்.

கடைக்கார அம்மாள் அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களை எங்கேயோ பாத்திருக்கேனே..."

"நான்தாங்க அது" என்றாள் அக்கா. "தலை இன்னைக்குத்தான் கூட வந்திருக்கு."

கடைக்கார அம்மாள் குபீரென்று சிரித்துவிட்டாள். சிரித்து முடித்து, "கோவம் வரலையா உங்களுக்கு?" என்றாள்.

"வந்துச்சு. நேத்தைக்கே வந்து போயிடுச்சு."

"சரி, முன்னனுபவம் எதுவும் இல்லேன்னு எழுதியிருக்கீங்க. யாருக்காவது ஒரு ஃப்ரேம் எடுத்துக் குடுங்க, பாப்போம்."

கடையில் வேறு யாரும் இல்லை. அக்கா திரும்பினாள். "பாப்பா, எந்திரி."

கத்திரி எழுந்தாள். அக்கா அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். மோவாயைப் பிடித்து முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். கண்ணாடி இல்லாமல் கத்திரிக்கு உலகம் கலங்கலாகத் தெரிந்தது, அக்காவின் மஞ்சள் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"அகலமான நெத்தி, குட்டி மூக்கு. இதுக்குப் போய் இவ்வளவு கனமான கறுப்புச் சட்டம். அதுவும் ஒரு பக்கம் சாஞ்சு. இந்த மொகத்தை வெச்சுக்கிட்டுத்தான் ஊருக்கு மார்க் போடறா" என்றாள் அக்கா. "கழுத்துக்கு மேல, பத்துக்கு ரெண்டு. அந்த ரெண்டும் ஊக்குக்கு."

ஊக்கு. அப்போதுதான் கத்திரிக்கு உறைத்தது. எட்டு மாதத்துக்கு முன் அக்கா மகனை ரயிலேற்றப் போனபோது, கூடப் போயிருந்த கத்திரியைக் கூட்டத்தில் யாரோ இடித்து அவள் கண்ணாடி விழுந்து திருகாணி தொலைந்தது. பிள்ளையைப் பிரிகிற அழுகையோடு அழுகையாக, பை வாரிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டிவிட்டவள் அக்காதான். சின்ன வயதில் பள்ளிக்கூடச் சட்டையில் பொத்தான் போகும்போதெல்லாம் அந்தக் கைதான் ஊக்கு மாட்டும். அந்த ஊக்கு தாங்கிப் பிடித்த கண்ணாடி வழியாகப் பார்த்துத்தான் கத்திரி 'ஏன் தாயே' என்று எழுதியிருந்தாள். கண் எரிந்தது. நல்லவேளை, கண்ணாடி இல்லாததால் என்று சொல்லிச் சமாளிக்கலாம்.

அக்கா சுவர்ப் பக்கம் போனாள். நான்கைந்து சட்டங்களைத் தொட்டாள், ஒன்றை மட்டும் எடுத்தாள். தேன் நிறம், மெல்லியது. மாட்டிவிட்டு நிலைக்கண்ணாடி முன்னால் நிறுத்தினாள். கத்திரி குனிந்து, முகத்தை அதற்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். கடைக்கார அம்மாள் எழுந்தே வந்துவிட்டாள்.

"அட, அழகாத்தான் இருக்காங்க!" என்றாள். "திங்கக்கிழமையிலருந்து வந்துடுங்கம்மா. இந்த மஞ்சள்லயே வாங்க. தெருக்கோடியிலருந்தே கடை தெரியும்."

அக்கா தலையாட்டினாள். மேசைமேல் கிடந்த பழைய கண்ணாடியை எடுத்து, ஊக்கைக் கவனமாகக் கழற்றி, பை வாரில் மற்ற ஐந்துக்கும் பக்கத்தில் அதன் பழைய இடத்தில் குத்திக்கொண்டாள்.

"மொத்தம் ஆறு," என்றாள். "அடுத்த வாரம் திருத்தம் போட்டுடு, பாப்பா."