ஆனிமேரி சொன்ன சாட்சி

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தன் வாயால் கெட்டது. ஜெஸியைக் கெடுத்தது அவள் அம்மா ஆனிமேரியின் வாய்.

ஜெஸி மிஷன் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். வயது இருபத்தொன்பது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு வாரமாகத் தூங்காமல், நடுத்தெருவில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பிரசங்கம் செய்துகொண்டிருந்தவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் பைபோலார் என்று பேர் சொல்லி மாத்திரை எழுதினார். நோய் மாத்திரைக்குக் கட்டுப்பட்டது. ஹவுஸ் ஓனர்தான் எதற்கும் கட்டுப்படவில்லை. அவள் திரும்பி வருவதற்குள் சாமான்களை வாசலுக்கு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வீடு மாறியாயிற்று. போன வீட்டிலெல்லாம் மாத்திரை டப்பாவை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைக்கிற பிழைப்பு. நாளைக்கு மறுபடி உடம்புக்கு வந்தாலும் யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாத ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. எலி வளையானாலும் தனி வளை.

பழங்காநத்தத்தில் அப்படியொரு வளை கிடைத்தது. இரண்டாவது மாடி, ஒரு ஹால், ஒரு பெட்ரூம், சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். விற்பவர் சத்தியசீலன், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், ஜெஸியும் அம்மாவும் போகும் சபையிலேயே மூப்பர், போதகருக்கு அடுத்த பெரியவர். "நம்ம சபைப் பிள்ளைக்குக் குடுக்குறதுல எனக்குச் சந்தோஷம்தான் பாப்பா" என்றார். பேங்க்கும் லோனுக்குச் சரி சொல்லிவிட்டது. திங்கட்கிழமை அக்ரிமெண்ட். நடுவில் ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை கிடந்தது.

அந்தச் சபையில் நல்லது நடந்தால் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். பிள்ளை பாஸானால் சாட்சி, விசா வந்தால் சாட்சி, சிறுநீரகக் கல் கரைந்தாலும் சாட்சி. சொல்லாமல் அமுக்கிக்கொண்டால் ஆசீர்வாதம் கையைவிட்டுப் போய்விடும் என்று ஆனிமேரிக்குப் பயம். போதகர் "யாராவது சாட்சி?" என்றதுதான் தாமதம், முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். ஜெஸி சேலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அம்மா உதறிவிட்டாள்.

"என் மக புத்தி பேதலிச்சு ஆஸ்பத்திரில கெடந்தா. ஆண்டவர் தொட்டாரு. இன்னைக்கு ஒரு மாத்திரை கெடையாது, மருந்து கெடையாது, பரிபூரண சொகம்! நாளைக்கு நம்ம மூப்பர் வீட்டையே அவ பேருக்குப் பேசி முடிக்கப்போறோம். ஸ்தோத்திரம்!"

சபையே அல்லேலூயா என்றது. சத்தியசீலனும் கைதட்டினார். பாதியில் அவர் கை நின்றதை ஜெஸி பார்த்தாள்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனார்கள். காபி வந்தது. அக்ரிமெண்ட் வரவில்லை.

"தப்பா நெனைக்காத பாப்பா. நாளைக்கே ஓங்க ஆளுகள்ல ஒருத்தரு, கையெழுத்துப் போடும்போது அதுக்குச் சுயபுத்தி இல்லைன்னு கேஸ் போட்டா, இந்த வயசுல நான் கோர்ட்டுக்கு அலையணுமா?"

"நான் நல்லாத்தான் சார் இருக்கேன். வேணும்னா என் டாக்டர்ட்டயே பேசுங்க. தெனமும் மாத்திரை போடுறேன். அதனாலதான் இம்புட்டு வருஷமா பாடம் நடத்துறேன்."

சத்தியசீலன் ஆனிமேரியைப் பார்த்தார். "மாத்திரை இல்லைன்னு ஆண்டவர் சந்நிதில சொன்னீங்களேம்மா? அப்ப இன்னும் சொகமாகலயா?"

எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து. சுகமாகிவிட்டது என்றால் டாக்டரைக் கூப்பிட முடியாது. டாக்டரைக் கூப்பிட்டால் சுகமாகவில்லை.

"சொல்லும்மா" என்றாள் ஜெஸி. மாத்திரை போட்டுத்தான் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனிமேரி காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறும் அவள் அதே சபையில் போய் உட்கார வேண்டுமே.

"எதுக்கு வம்பு? ஒன் தம்பி பேருக்கு எழுதிருவோம். கடனை நீ கட்டிக்க" என்றார் மூப்பர், பெரிய மனது பண்ணி.

"ஆமாண்ணே, ஜெய்சன் பேருல இருந்தா என்ன? அவன் என்ன வேத்தாளா?" என்று அம்மா உடனே தலையாட்டினாள்.

ஜெய்சன் திருப்பூரில் இருக்கிறான். பெண் பார்க்கப் போகிற வீடுகளில் தனக்கு அக்காவே இல்லை என்று சொல்கிறவன். அக்கா பணத்தில் வந்த வீட்டிலிருந்து அக்காவையே வெளியே போகச் சொல்ல அவனுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஜெஸி காபியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கத்தினாள். "ஓங்கிட்ட நான் சாட்சியா கேட்டேன்? எனக்குன்னு ஒரு வீடுதானம்மா கேட்டேன்! அதையும் பேசியே கெடுத்துட்டியே!" நியாயமான கோபம். வேறு எந்தப் பெண் கத்தியிருந்தாலும் தெருவே அவள் பக்கம் நின்றிருக்கும்.

ஆனிமேரி ஓடிப்போய் முதலில் ஜன்னலைச் சாத்தினாள். "மெதுவாடி, ஹவுஸ் ஓனருக்குக் கேக்கப்போகுது." அப்புறம் மகளின் முகத்தைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், கை நடுங்குகிறதா என்று பார்த்தாள்.

"ஏண்டி, இன்னைக்கு மாத்திரை போட்டியா?"

"போட்டேம்மா. போட்டுட்டுத்தான் கத்துறேன்."