இரண்டு மணி நேர வட்டம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் தங்கையிடமிருந்து எடுத்தது. கேட்டுத்தான் எடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பாதி எழுதிய பிறகுதான் கேட்டேன். எழுதிக்கொள், ஆனால் என்னைப் பாவப்பட்டவளாக ஆக்கிவிடாதே என்றாள் போனில்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"ஒவ்வொரு வருடமும் கடல் அவர்களுக்காகக் காத்திருந்தது. இந்த வருடம்..."

(கடல் யாருக்காகவும் காத்திருக்காது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது:

"அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் ஒரே மாதத்தில்..."

(முதல் வரியிலேயே உங்களைக் கைக்குட்டை தேட வைப்பது நியாயமில்லை. தவிர, வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஒரு குடும்பம் விடுமுறைக்குப் போக இடம் தேடியது. அவ்வளவுதான் கதை.

2

தங்கை பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரே மகள், பதிமூன்று வயது. வருடா வருடம் பள்ளி விடுமுறையில் ஆறு மணி நேரம் கார் ஓட்டிக் கடற்கரைக்குப் போவார்கள். அதே விடுதி, அதே அறை, ஒரு வாரம்.

இரண்டு வருடம் முன்பு அது நின்றது. இப்போது அவளுக்குத் திங்கள், புதன், வெள்ளி மதியங்களில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சொன்ன விதி ஒன்றுதான்: எப்போது கூப்பிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும், போன் எடுக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும்.*

இரண்டு வருடமாக அவர்கள் எங்கேயும் போகவில்லை. இந்த விடுமுறையில் மகள் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் காம்பஸ் முனையைக் குத்தி ஒரு வட்டம் போட்டாள். கணக்கு டீச்சரால் சும்மா இருக்க முடியுமா? சாலை நேர்க்கோட்டில் போகாது, இரண்டு மணி நேரம் என்பது வட்டமாக வராது என்று அழிரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அம்மாவும் மகளுமாகத் திருத்தி முடித்தபோது அந்த வட்டம், எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்ததாம்.

* நீ அக்காதானே, நீ கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேளுங்கள். எனக்குச் சர்க்கரை நோய். பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர் என் கோப்பை மூடி மேசை ஓரத்துக்குத் தள்ளினார். அவள் கணவருக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வராது.

3

மாப்பிள்ளையை எழுதுவதில்தான் திண்டாடிவிட்டேன். என் முதல் பிரதியில் அவர் பேசாமல் துயரத்தை விழுங்கும் ஆள். இரண்டாம் பிரதியில் பொறுமை இழந்து கத்தும் ஆள். இரண்டு பக்கத்துக்கு ஒரு சண்டைக் காட்சி எழுதி, நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். தங்கை படித்துவிட்டுச் சொன்னது:

"நாங்க சண்டையே போடலையேக்கா. அதுக்கெல்லாம் நேரம் எங்க இருந்துச்சு?"

(அடித்துவிட்டேன். நல்ல வசனங்கள் போயின.)

உண்மையில் அவர் செய்தது வேறு. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் தொழில். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, வந்துவிட்டேன், கதவைத் தள்ளாதீர்கள் என்று முதலில் குரல் கொடுத்துவிட்டுத்தான் கருவியை எடுப்பார். அதே நிதானத்தோடு ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் போய் ஒவ்வொரு இடமாகப் பார்த்து, ஆஸ்பத்திரி வாசல் வரை திரும்பி ஓட்டி நேரம் குறித்தார். அணைக்கட்டு விடுதி அழகு, ஒன்றரை மணி நேரம், ஆனால் போனில் சிக்னல் இல்லை. மலையடிவாரத் தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் சிக்னல். நீர் விளையாட்டுப் பூங்கா பக்கம்தான். நனைந்த துணியோடு சாயங்காலம் வீட்டுக்கு வருவதற்குப் பெயர் டூர் இல்லை என்று மகள் ஒதுக்கிவிட்டாள்.

ஒருநாள் தங்கைக்கே அலுத்துவிட்டது. நீங்கள் இருவரும் கடலுக்குப் போய்விட்டு வாருங்கள், நான் அக்கா வீட்டில் இருக்கிறேன் என்றாள். அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"ஆறு மணி நேரம் ஓட்டணும். பக்கத்துல உட்கார்ந்து, 'மெதுவா, மெதுவா'ன்னு சொல்ல யாரு இருக்கா?"

4

இடத்தைக் கண்டுபிடித்தவள் மகள். இணையத்தில் ஒரு மீன் குஞ்சுப் பண்ணை. குளங்கள், மரங்கள், வாடகைக்கு இரண்டு அறைகள். கீழே யாரோ கடுப்பில் எழுதியிருந்தார்: "அறைக்கு எதிரிலேயே செல்போன் டவர். எந்தப் பக்கம் படம் எடுத்தாலும் அதுதான் தெரிகிறது. ஒரு நட்சத்திரம்தான் கொடுப்பேன்."

அதைப் படித்த மூவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினாராம். (இது என் கற்பனை இல்லை. என் கற்பனைக்கு இவ்வளவு துணிச்சல் கிடையாது.)

ஒரு மணி இருபது நிமிடத் தூரம். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடித்து, சனிக்கிழமை காலையில் கிளம்பினார்கள். திங்கள் காலை வரை அறை.

சனிக்கிழமை ஒன்றுமே நடக்கவில்லை. மகள் பண்ணைக்காரம்மாவோடு சேர்ந்து மீன்களுக்குத் தீனி போட்டாள். தங்கை குளத்தங்கரையில் நாற்காலி போட்டு, அன்றைக்கு அவளுக்கு அனுமதிக்கப்பட்ட அரை லிட்டர் தண்ணீரைச் சிறு மடக்குகளாகப் பங்கு பிரித்தபடி, முழு சிக்னல் காட்டும் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெஞ்சில் சாய்ந்தவர், வெயில் இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை. அவர் குறட்டை விடுவார் என்பதே இரண்டு வருடத்தில் மறந்துபோயிருந்தது என்றாள் தங்கை.

(கதை எழுதுகிறவளுக்கு இப்படி ஒரு நாளால் எந்தப் பிரயோசனமும் இல்லை. ஒரு மழையாவது பெய்யவைக்கலாம் என்று... வேண்டாம். அந்த நாளில் நான் கைவைக்கவில்லை.)

5

ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது.

ஆஸ்பத்திரி ஒருங்கிணைப்பாளர். ஒரு சிறுநீரகம் கிடைத்திருக்கிறது. பட்டியலில் நீங்கள் இரண்டாவது. முதலாமவருக்குப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் உடனே புறப்படுங்கள் என்றார்.

பெட்டிகளை அப்படியே போட்டுவிட்டு ஏறினார்கள். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். அவளுக்குச் சீட் பெல்ட் மாட்டவில்லை. மாப்பிள்ளைதான் குனிந்து மாட்டிவிட்டார். பதற்றமில்லாமல், ஒத்திகை பார்த்த அதே வேகத்தில் ஓட்டினார். மகள் பின்னாலிருந்து கையை நீட்டி அம்மாவின் தோளில் வைத்தவள் எடுக்கவே இல்லை.

நாற்பதாவது நிமிடம் மறுபடியும் போன். முதலாமவருக்கே பொருந்திவிட்டது. மன்னிக்க வேண்டும், நீங்கள் திரும்பிப் போகலாம்.

மாப்பிள்ளை பூட்டியிருந்த ஒரு டயர் கடை வாசலில் வண்டியை ஓரம் கட்டினார்.

"அவள் உடைந்து..." (இல்லை.)

"அவள் சன்னல் வழியே வெறித்துப்..." (இதுவும் இல்லை.)

அவள் செய்தது, போனை வைப்பதற்கு முன் அந்த முதலாமவர் பெரியவரா, சின்ன வயதா என்று கேட்டது. சொல்லக் கூடாது என்றார்கள். சரி, நல்லபடியாக நடக்கட்டும் என்று சொல்லி வைத்தாள். பிறகு மூவரும் டயர் கடையின் இரும்புக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கும் தெரியவில்லை.

"பசிக்குது," என்றாள் கடைசியில். பிறகு, "ரூம் நாளைக்குக் காலைல வரைக்கும் நம்மளோடதுதானே?"

அவர் வண்டியைத் திருப்பினார்.

பண்ணைக்காரம்மா எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்து, மூன்று தட்டுகளை எடுத்துவைத்தார். அந்த மாலை குளத்தில் இறங்கிய மகளுக்குத் தங்கை மிதக்கக் கற்றுக்கொடுத்தாள், கரையில் நின்றபடியே.

6

முடிவு.

முதல் முடிவில் நான் இன்னொரு போன் வரவைத்தேன். மூன்று மாதம் கழித்து, பள்ளியில் அவள் பாடம் நடத்தும்போது. ஆப்பரேஷன் நன்றாக முடிகிறது, அவள் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கிறாள். முடித்த கையோடு அவளுக்கு அனுப்பினேன். தங்கை படித்துவிட்டுக் கேட்டாள்:

"இதுல செத்துப்போனது யாருக்கா?"

யாரோ ஒருவர், கதையில் வரமாட்டார் என்றேன்.

"எனக்கு வந்தாரே. அன்னிக்கு நாற்பது நிமிஷமும் அந்த வீட்டைத்தான் நினைச்சேன். எனக்குக் கிடைக்கணும்னும் வேண்டிக்கிட்டேன், அவங்க வீட்ல யாரும் அழக் கூடாதுன்னும் வேண்டிக்கிட்டேன். கணக்கு டீச்சர் நான். ரெண்டும் சேராதுன்னு எனக்குத் தெரியாதா?"

இரண்டாவது முடிவில் போன் வரவே வராது. அதை எழுத நான் எழுத்தாளராக மட்டும் இருக்க வேண்டும். நான் அவள் அக்கா.

இதை எழுதும்போது ஐந்து மாதம் ஆகிறது. அவர்கள் அந்த ரொட்டி வட்டத்துக்குள் இன்னொரு இடத்தைப் பார்த்துவைத்திருக்கிறார்கள். போன் வரவில்லை.

உங்களுக்கு வரவைக்க வேண்டுமென்று தோன்றும். எனக்கும் தினமும் தோன்றுகிறது. செய்யுங்கள், தடுக்கமாட்டேன், சொல்லப்போனால் கெஞ்சுகிறேன். ஆனால் அதற்கு முன் இன்னொரு வீட்டுக்குள் நீங்கள் போக வேண்டியிருக்கும். அங்கே ஒருவர் வெளியே கிளம்புகிறார். அவர் திரும்பி வராவிட்டால்தான் அந்தப் போன் வரும். வண்டிச் சாவியைக் காணவில்லை. இங்கேதானே வைத்தேன் என்று வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுக்கொண்டே தேடுகிறார். சாவி அலமாரியின் மேல் இருப்பது எனக்குத் தெரிகிறது.

நான் சொல்லவில்லை.