பலகையில் முதல் பெயர்

எரோல் சமையலறை மேசையில் தாஸ்மேனியா வரைபடத்தை விரித்து, அது சுருண்டுகொள்ளாமல் உப்புக் குப்பியையும் ஜாம் பாட்டிலையும் மேலே வைத்திருந்தார்.

"முதல்ல கேம்ப்பெல் டவுன். ஆடு திருடி நாடு கடத்தப்பட்டு வந்த எங்க கொள்ளுத்தாத்தா பேரு அங்க நடைபாதைச் செங்கல்ல இருக்குல்ல, அவருக்கு ஒரு வணக்கம். அப்புறம் ராஸ். அந்தப் பழைய கல் பாலத்துக்குப் பக்கத்துல உக்காந்து டீ. பிறகு கடலோரமா ஸ்வான்சீ, பிச்சினோ. சிப்பிக்கறி அடைச்ச ரொட்டி சாப்பிட்டுக்கிட்டே அலையைப் பாக்கலாம். அவசரமே கிடையாது வால்டா."

"அவசரப்பட்டாலும் உன் வண்டி மேடு ஏறாதே" என்றாள் வால்டா. எப்போதும் சொல்கிற கிண்டல்தான். இன்று அதைச் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் ஜாம் பாட்டிலின் மூடியை இறுக்கினாள்.

போன ஞாயிறு சர்ச்சிலிருந்து திரும்பும்போது, ரவுண்டானாவின் நடுவே காரை நிறுத்திவிட்டு, "எந்தப் பக்கம் கண்ணு?" என்று கேட்டார் எரோல். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போகிற வழி அது. இரண்டு நாள் கழித்து டாக்டர் தெளிவாகச் சொன்னார், இனி வண்டி ஓட்டக் கூடாது என்று. எரோல் தலையாட்டினார். வெளியே வந்ததும் சாவிக்குக் கை நீட்டினார். மறந்துவிட்டாரா, மறந்ததாக நடிக்கிறாரா என்று வால்டாவுக்குத் தெரியவில்லை. உனக்கு முதுகு வலிக்குமே என்று சாக்குச் சொல்லி அன்று அவளே ஓட்டி வந்தாள். பயணத்துக்கென்று படுக்கையும் அடுப்பும் வைத்த மோட்டார்ஹோமின் சாவியை அப்படிச் சாக்குச் சொல்லி வாங்கிவிட முடியாது.

சொன்னால் இந்தப் பயணம் போய்விடும். அதோடு அவருடைய முகத்தில் இருக்கும் வெளிச்சமும் போய்விடும். சொல்லாவிட்டால், எங்கோ ஒரு வளைவில் யாரோ ஒருத்தியின் கார் எதிரே வரும். அவருக்கு வலிக்காத ஒரு வார்த்தையைக் கொடு ஆண்டவரே என்று மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு வார்த்தை வரவில்லை. இருப்பதைச் சொன்னாள்.

"இந்தத் தடவை நான் ஓட்டறேன், எரோல்."

அவர் சிரித்தார். "நீயா? கடைத் தள்ளுவண்டியையே தூண்ல கொண்டுபோய் முட்டுவியே!"

"டாக்டர் சொன்னாருல்ல."

சிரிப்பு நின்றது. உப்புக் குப்பியை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். வரைபடத்தை மடித்தார். வெளியே போய், வாசலில் நின்ற மோட்டார்ஹோமின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் கழித்து வால்டா டீயோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முப்பது வருஷம் பால் லாரி ஓட்டினேன். ஒரு பண்ணைக்காரன் வாசல்லகூட இடிச்சதில்ல."

"தெரியும்."

டீ ஆறிப்போனது.

மறுநாள் பக்கத்து வீட்டு கிளெனிஸ் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். ஓய்வுபெறும்வரை பள்ளிப் பேருந்து ஓட்டியவள். எதையும் தோண்டிக் கேட்கவில்லை.

"வா, பொருட்காட்சி மைதானம் காலியாத்தான் கெடக்கு, அங்க ஓட்டிப் பழகு. பின்னால அம்பது பசங்க கத்தாம இருந்தா, இதெல்லாம் சின்ன வண்டிடீ."

அந்த வாரம் முழுக்க வால்டா மோட்டார்ஹோமை அங்கே வளைத்துத் திருப்பினாள். வீட்டு வாசலில் பின்னால் எடுக்கும்போது குப்பைத்தொட்டியைச் சாய்த்தாள். ஜன்னல் திரை அசைந்ததைப் பார்த்தாள். எரோல் வெளியே வரவில்லை, கிண்டல் செய்யவும் இல்லை. வரைபடம் மடித்தபடியே கிடந்தது.

அடுத்த புதன்கிழமை கடையிலிருந்து திரும்பியபோது அவரைக் காணோம். வண்டியின் பின்னால் பெயர்ப்பலகையையும் காணோம். அவர்கள் பயணச் சங்கத்தில் எல்லா வண்டியின் பின்னாலும் ஒரு பலகை இருக்கும், தம்பதியின் பெயரும், வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோவின் சேனல் எண்ணுமாக. ஓட்டுகிறவர் பெயர்தான் முதலில் வரும். இவர்களுடையது 'எரோல், வால்டா. சேனல் 18.' இப்படி வீட்டு வண்டிகளில் ஊர் சுற்றும் கேரவன்காரர்கள் சாலையில் ஒருவரையொருவர் கூப்பிடுவது பதினெட்டாம் சேனலில். நாற்பதாம் சேனல் லாரிக்காரர்களுடையது. அதில் வரும் வசவுகளுக்குப் பயந்து வால்டா அந்தப் பக்கம் போனதே இல்லை.

கிளெனிஸ் காரை எடுத்தாள். ஆற்றுப் பாலம், கடற்கரை, சர்ச். வால்டா மடியில் கைகளை இறுக்கிக் கோத்திருந்தாள். ரவுண்டானாவுக்குப் பக்கத்தில், புல்வெளி ஓரமாக, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார் எரோல். கையில் பலகை.

"எங்கய்யா போய்த் தொலைஞ்ச, கிழவா!" வால்டாவின் குரல் உடைந்தது.

"எழுதக் கொடுத்திருந்தேன். பெயிண்ட் ஈரமா இருக்கு, தொடாத." பலகையைத் திருப்பிக் காட்டினார்.

'வால்டா, எரோல். சேனல் 40.'

"ஓட்டறவ பேருதானே முதல்ல வரணும்" என்றார் தரையைப் பார்த்தபடி. பிறகு எண்ணைச் சுட்டினார். "கேரவன்காரங்க சேனலும் பளிச்சுனு தெரியற மாதிரி பெருசா போடச் சொன்னேன்."

கிளெனிஸ் வாயைத் திறந்தாள். "ஆனா எரோல், அது..."

வால்டா அவள் காலை மெல்ல மிதித்தாள்.

"அழகா இருக்கு" என்றாள்.

அன்று மாலை மேசையில் வரைபடம் மறுபடி விரிந்தது. எரோல் ராஸ் பாலத்தைத் தேடிக்கொண்டிருக்கையில் வால்டா வெளியே போய், மோட்டார்ஹோமில் ஏறி, ரேடியோவை நாற்பதுக்குத் திருப்பினாள். எங்கோ நெடுஞ்சாலையில் ஒரு லாரிக்காரன் இன்னொருவனின் தாயையும் பாட்டியையும் சேர்த்து ஏசிக்கொண்டிருந்தான். அவளுக்குக் காது கூசியது. சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். சேனலை மாற்றவில்லை.