கையைப் பொத்திக் காட்டினால்

கறுப்புச் சூட்டுகளுக்கு நடுவே ஆரஞ்சுப் பட்டி போட்ட ஆறு ஜாக்கெட்டுகள் உள்ளே நுழைந்ததும் கிளடிஸ் கதிரையை விட்டுப் பாதி எழுந்தாள். ஸ்காபரோ மலர்ச்சாலையில் அவள் கணவர் கிறிஸ்துநாயகத்தின் உடலைப் பார்வைக்கு வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"உவையள் ஆர்?" என்று அவள் அண்ணன் வின்சன்ற் காதுக்குள் கேட்டார்.

"இவரின்ரை ஸ்னோமொபீல் கிளப் ஆக்கள்."

"ஐயோ! வாயைத் திறந்தாங்களெண்டால் எல்லாம் கந்தல்."

கதையைக் கட்டியதே வின்சன்ற்தான். அறுபத்துமூன்று வயது, பூசையில் வாசகம் வாசிக்கிற மனுசன், வடக்கே உறைந்த ஏரியில், பனிமேல் ஓட்டும் ஸ்னோமொபீல் வண்டியோடு செத்தார் என்றால் சனம் சும்மா விடுமா? குடித்துவிட்டு ஓடினார் என்றுதான் சொல்லும். அதனால், வீட்டு வாசலில் பனி தள்ளும்போது நெஞ்சடைத்துப் போனார் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. ரொறன்ரோவில் அது மரியாதையான சாவு. யாரும் மேலே கேள்வி கேட்கமாட்டார்கள்.

சனிக்கிழமைகளில் அவர் விளையாடப் போகவில்லை. கிளப் தொண்டர்களோடு சேர்ந்து பாதையில் விழுந்த மரங்களை வெட்டுவார், வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகைகளை நடுவார். போன சனி, ஏரி ஐஸ் மெலிந்துவிட்டதென்று பாதையை மூடிக்கொண்டிருந்தபோதுதான் ஐஸ் உடைந்து தண்ணீருக்குள் விழுந்தார். கிளடிசுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் அண்ணன் சொன்னதற்குத் தலையாட்டினாள். அதுதான் மூன்று நாளாக அவளைத் தின்றது.

வந்தவர்கள் வரிசையாகப் பெட்டியைக் கடந்தார்கள். முதல் ஆள் ஐந்து விரல் காட்டினார். அடுத்தவர் நான்கு. பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. கடைசியாக வந்த நரைத்த வெள்ளைக்காரி கையைப் பொத்தி உயர்த்தினாள். சபை சலசலத்தது.

"கடவுளே, உதென்ன விடுதலை இயக்கச் சல்யூட்டோ?" என்றார் வின்சன்ற்.

மகள் ஸ்டெபனிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இல்லை மாமா. பாதையில எதிர வாற ஆக்களுக்குக் காட்டுறது. எனக்குப் பின்னால இத்தினை வண்டி வருதெண்டு. கையைப் பொத்தினால் நான்தான் லாஸ்ட், இனிப் பயமில்லாமல் போகலாம் எண்டு அர்த்தம். எப்பவும் அப்பாதான் லாஸ்டா வாறவர்."

கிளடிஸ் பெட்டிக்குள் கிடந்த முகத்தைப் பார்த்தாள். மற்றவர்கள் பத்திரமாகப் போகட்டும் என்று பின்னால் வந்த மனுசனை, வாசலில் பனி தள்ளவிட்டுச் சாகடித்துவிட்டாளே, பாவி!

செபத்தைத் தொடங்கப்போன சுவாமியிடம் போனாள். "ஒரு நிமிசம் சுவாமி. நான் ஒண்டு சொல்லோணும்." வின்சன்ற் கையைப் பிடித்தார். உதறினாள்.

"இவர் வீட்டு வாசலில சாகேல்லை. ஸ்னோமொபீல்ல போனவர். ஏரியில ஐஸ் மெலிஞ்சுபோச்சு, ஒருத்தரும் வராதையுங்கோ எண்டு போர்ட் நட்டுக்கொண்டு நிண்டவர். நான் வெக்கத்தில பொய் சொல்லிப்போட்டன்."

யாரோ இருமினார்கள்.

வின்சன்ற் முன்வரிசையிலிருந்த தன் கதிரையை விட்டு எழுந்தார். அந்த வெள்ளைக்காரியை அதில் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டார்.